பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்



கால்வாய் என்ற சொல்லைச் சொன்னால் நம் ரவாங் வட்டாரத்துப் பிள்ளைகளின் மனத்தில் எழும் படம் செம்பனைக் காட்டுக்குள் ஓடும் வடிகால்தான். கோலா சிலாங்கூர்ப் பக்கத்துப் பிள்ளையாக இருந்தால் ‘பாரிட்’ என்று மலாயிலேயே சொல்லிவிடும். தஞ்சோங் காராங்கில் உறவினர் வீட்டுக்குப் போய்வந்த பிள்ளை, நெல் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாயைச் சொல்லும். மிகுந்த நீரை வடிப்பதற்கு ஒன்று, இல்லாத இடத்துக்கு நீரைக் கொண்டுபோவதற்கு ஒன்று. ஆனால் மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அது சரக்குக் கால்வாய். தண்ணீரையே சாலையாகக் கொண்டு விறகையும் உப்பையும் அரிசியையும் படகில் ஏற்றிப் போவதற்காக வெட்டப்படுவது. அப்படிப்பட்ட ஒரு கால்வாயைப் பற்றியே இன்று நாம் பேசவிருக்கிறோம். அது சென்னை நகரின் நடுவே செல்லும் பக்கிங்காம் கால்வாய்.

சென்னை நமக்கு முற்றும் அயலூர் அன்று. நம் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களில் பலர் ‘ரஜூலா’ கப்பல் ஏறியது அந்தத் துறைமுகத்தில்தான். மற்றவர்கள் நாகப்பட்டினத்தில் ஏறினார்கள். அவர்கள் வாயிலிருந்து மதராஸ் பட்டணத்தின் கடற்கரையையும் ரயில் நிலையத்தையும் பற்றி நாம் கேட்டிருக்கிறோம். கால்வாயைப் பற்றிக் கேட்டது குறைவு. ஆனால் அந்தக் கால்வாயின் கதையில் நம் முன்னோரின் கதையும் ஓரளவு கலந்திருக்கிறது. எப்படி என்பதைப் பின்னர் பார்ப்போம்.

முதலில் அந்தக் கரையின் இயல்பைத் தெரிந்துகொள்வோம். கிழக்குக் கடற்கரையான சோழமண்டலக் கரை நெடுக மணற்பாங்கானது. கப்பல் ஒதுங்குவதற்கு இயற்கையான துறைகள் அங்கே மிகக் குறைவு. 1870களில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கும் வரை, சென்னைக்கு வந்த கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நின்றன. ஆளும் சரக்கும் மசூலாப் படகில் ஏறி, அலையில் தூக்கி எறியப்பட்டு, பாதி நனைந்தே கரை சேர்ந்தன. தரை வழியோ இன்னும் கடினம். வடக்கேயும் தெற்கேயும் ஆறுகளும் கழிகளும் குறுக்கிடும். மழைக்காலத்தில் மாட்டுவண்டிச் சக்கரம் அச்சுவரை சேற்றில் புதையும்.

ஆனால் அதே கரையில் இயற்கை ஒரு வசதியையும் வைத்திருந்தது. கடலோர மணல்மேட்டுக்குச் சற்று உட்புறத்தில் பழவேற்காடு ஏரி, எண்ணூர்க் கழி, கோவளத்துக் கழி என்று உப்புநீர்த் தேக்கங்கள் வரிசையாக இருக்கின்றன. கடல் ஏறும்போது அவற்றில் நீர் ஏறும், இறங்கும்போது இறங்கும். இவற்றை ஒன்றோடொன்று வெட்டி இணைத்துவிட்டால் அலையின் தொல்லையில்லாத ஒரு நீர்வழி கிடைத்துவிடும்.

இதைச் செய்ய முன்வந்தவர் பேசில் கொக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர். கடற்படைக்கு உணவுப் பொருள் வழங்கும் ஒப்பந்தம் எடுத்துப் பெரும் பொருள் சேர்த்தவர். அந்நாளில் இங்கிலாந்தில் கால்வாய் வெட்டுவது பணம் படைத்தோரின் பெருவேட்கையாக இருந்தது. 1761இல் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாய், மான்செஸ்டர் நகரில் நிலக்கரியின் விலையை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிட்டது என்பது எல்லாரும் அறிந்த செய்தி. சென்னையிலும் அப்படி ஒன்று செய்தால் சுங்கம் வசூலித்து இலாபம் காணலாம் என்று கொக்ரேன் கணக்குப் போட்டார். 1801இல் வேலை தொடங்கிற்று. 1806க்குள் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல், அதாவது ஏறக்குறைய 18 கிலோமீட்டர், கால்வாய் ஆயத்தமாயிற்று. மக்கள் அதைக் கொக்ரேன் கால்வாய் என்றே அழைத்தார்கள். பிறகு அது பழவேற்காடு ஏரி வரை நீண்டது.

கொக்ரேன் பின்னர் லண்டனுக்குத் திரும்பி, போர்ட்மன் சதுக்கத்தில் நீராவிக் குளியல் நிலையம் ஒன்று நடத்தினார். அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர் சேக் தீன் முகமது. ஆங்கிலத்தில் நூல் எழுதி வெளியிட்ட முதல் இந்தியர் அவர்தான். ஷாம்பு என்ற சொல்லை இங்கிலாந்தில் பரப்பியவரும் அவரே. கால்வாயில் தொடங்கிய கதை ஷாம்புவில் போய் முடிகிறதே என்று நேயர்கள் சிரிக்கலாம். வரலாற்றைப் படிக்கும்போது இப்படிப்பட்ட சந்துகளில் நுழைந்து வருவதும் ஓர் இன்பம். இனி நேர்வழிக்கு வருவோம்.

1837இல் அரசாங்கம் கால்வாயைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதன்பின் வடக்கே துர்க்கராஜபட்டினம், கிருஷ்ணபட்டினம் என்று படிப்படியாக நீண்டு, 1870களில் கிருஷ்ணா ஆற்றுப் படுகையின் விளிம்பிலுள்ள பெத்தகஞ்சாம் வரை போய்விட்டது. தெற்கே அடையாற்றிலிருந்து மரக்காணத்தை நோக்கி இன்னொரு துண்டு வெட்டப்பட்டது. பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை முழு நீளம் ஏறக்குறைய 420 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து அலோர் ஸ்டாருக்குப் போகும் தொலைவை எண்ணிக்கொள்ளுங்கள். பெத்தகஞ்சாமுக்கு அப்பால் கிருஷ்ணா, கோதாவரிப் படுகைகளின் பாசனக் கால்வாய்களோடு இணைப்பும் இருந்தது. காக்கிநாடாவில் ஏற்றிய நெல்மூட்டையைக் கடலைத் தொடாமலே சென்னையில் இறக்கலாம் என்ற நிலை வந்தது.

அந்தப் பாசனக் கால்வாய்களை அமைத்தவர் சர் ஆர்தர் காட்டன். கோதாவரியில் தவுளேசுவரம் அணையைக் கட்டியவர். இந்தியாவுக்கு ரயில் வண்டியைவிட நீர்வழியே ஏற்றது என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர். ரயில்பாதைக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாயில் கொட்டினால் பயிருக்கு நீரும் கிடைக்கும், சரக்கும் குறைந்த கூலியில் போகும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் அவருக்கு முழுமையாகச் செவிசாய்க்கவில்லை. ரயில்தான் வென்றது. காட்டனுடைய வாதம் எல்லா இடங்களுக்கும் பொருந்தாது. மேட்டு நிலத்தில் கால்வாய்க்கு நீர் எங்கே? ஆனால் கடலோரச் சமவெளியைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் நியாயம் உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது.

இனிக் கால்வாயில் படகு எப்படிப் போயிற்று என்று பார்ப்போம். காற்று வாய்ப்பாக வீசினால் பாய் விரிப்பார்கள். ஆழம் குறைந்த இடத்தில் நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவார்கள். காற்றும் இல்லை, நீரோட்டமும் எதிர் என்றால் வேறு வழியில்லை. படகிலிருந்து நீண்ட கயிற்றைக் கரைக்கு எறிவார்கள். ஆட்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து, கரையோரப் பாதையில் இழுத்துக்கொண்டே நடப்பார்கள். இங்கிலாந்தில் குதிரை செய்த வேலையை இங்கே மனிதன் செய்தான். தரையில் பத்து வண்டி சுமக்க வேண்டிய பாரம் தண்ணீரில் மிதக்கும்போது இரண்டு மூன்று ஆட்களுக்கு அசைந்து கொடுக்கும். முதல் அசைவுக்குத்தான் முழு வலிமையும் வேண்டும். பிறகு நடையை நிறுத்தாமல் இருப்பதே சூட்சுமம்.

ஆறு குறுக்கிடும் இடத்தில் என்ன செய்வது? ஆற்றுமட்டமும் கால்வாய்மட்டமும் ஒன்றாக இரா. கடல் வற்றும்போது கால்வாய் நீரும் ஆற்றோடு வடிந்துவிட்டால் படகு தரைதட்டி நிற்கும். இதற்காக அமைத்ததுதான் லாக் என்பது. சென்னையில் ‘லாக்கு’ என்பார்கள். ஒரு நீண்ட தொட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் இரு முனைகளிலும் கதவுகள். படகு ஒரு கதவின் வழியாகத் தொட்டிக்குள் நுழைந்ததும் அந்தக் கதவை மூடிவிடுவார்கள். எதிர்ப்புறக் கதவிலுள்ள சிறு மடையைத் திறந்தால் தொட்டியின் நீர்மட்டம் மெல்ல ஏறியோ இறங்கியோ அப்புறத்து மட்டத்தோடு சமமாகும். சமமானதும் எதிர்க்கதவு திறக்கும், படகு வெளியேறும். இவ்வளவுதான். பள்ளியில் இரண்டு பலகைத் துண்டுகளும் ஒரு நீண்ட தகரத் தொட்டியும் இருந்தால் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைச் செய்தே காட்டலாம். ஒரு காகிதப் படகும் வேண்டும்.

இப்போது கதையின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். வடக்கே ஒரு கால்வாய், தெற்கே ஒரு கால்வாய். இரண்டுக்கும் நடுவில் கூவம் ஆற்றிலிருந்து அடையாறு வரை ஏறக்குறைய 8 கிலோமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளி சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியாகச் சென்னை நகருக்குள்ளேயே கிடந்தது. அதை வெட்டி இணைத்தது பஞ்சம்.

1876இல் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் போதிய மழை இல்லை. தமிழர் கணக்கில் அது தாது வருஷம். அதனால் தாது வருஷப் பஞ்சம் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. நம் தோட்டங்களில்கூட மிக மூத்தவர்கள், யாராவது சோற்றை ஆவலாய் அள்ளித் தின்றால், ‘தாது வருஷத்துப் பஞ்சத்திலே அடிபட்டவன் மாதிரி’ என்று சொல்வதுண்டு. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பசியாலும் பசியைத் தொடர்ந்து வந்த நோயாலும் மாண்டார்கள் என்பது கணக்கு. கிராமங்களை விட்டுக் கூட்டங்கூட்டமாய் மக்கள் சென்னைக்கு நடந்தார்கள். நகரத்தில் கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. தானியம் அடியோடு இல்லாமற் போய்விடவில்லை. கப்பலில் வந்த தானிய மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் குவிந்து கிடந்தன. வாங்கத்தான் மக்களிடம் காசில்லை. இவற்றையெல்லாம் அந்நாளில் சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி இரண்டு தொகுதிகளாக எழுதி 1878இல் வெளியிட்டார்.

அக்காலத்து அரசாங்கத்தின் கொள்கை என்னவென்றால், உடல் வலுவுள்ளவனுக்கு இலவசமாகச் சோறு போடக்கூடாது, வேலை வாங்கிக்கொண்டே போடவேண்டும் என்பது. சாலை போடுதல், ஏரி தூர் எடுத்தல், ரயில்பாதைக்கு மண் கொட்டுதல் என்று நிவாரண வேலைகள் தொடங்கின. அவற்றுள் ஒன்றுதான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்த 8 கிலோமீட்டர்க் கால்வாய். 1877, 1878 ஆண்டுகளில் அது வெட்டப்பட்டது.

அன்றைய கூலியைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 1877இன் தொடக்கத்தில் இந்திய அரசாங்கத்தின் பஞ்சப் பிரதிநிதியாகச் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவர் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். செலவைக் குறைப்பதே அவர் பணி. ஆண் ஒருவனுக்கு நாள் முழுதும் செய்த வேலைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாக் காசும் என்று அவர் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். பெண்ணுக்கும் வேலை செய்யும் சிறுவருக்கும் அதனினும் குறைவு. ஏற்கெனவே எலும்பும் தோலுமாய் வந்தவர்கள் வெயிலில் மண் வெட்டி, கூடை சுமந்து, கரையேறி இறங்குவதற்கு இந்த உணவு. நம் தோட்டத்தில் ஒரு நாள் காட்டு வேலை செய்து வந்தவருக்கு முன்னால் 450 கிராம் அரிசியை அளந்து வைத்து, ‘இதுதான் இன்றைக்கும் நாளைக் காலைக்கும்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் பதில் சொல்லமாட்டார்; நம்மைப் பார்ப்பார்.

சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ் இதை வன்மையாக எதிர்த்தார். உழைக்கும் உடம்புக்கு இது போதாது என்று மருத்துவ முறையில் எடுத்துக்காட்டி எழுதினார். அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். 1875 முதல் 1880 வரை அப்பதவியில் இருந்தவர். கார்னிஷின் வாதம் மெல்ல எடுபட்டு, அதே 1877இல் சென்னை மாகாணத்தில் கூலி சற்று உயர்த்தப்பட்டது. அதுவரையில் எத்தனை உடம்புகள் சாய்ந்தனவோ!

வேலை முடிந்து இடைவெளி இணைந்தது. 1878இல் முழுக் கால்வாய்க்கும் ஆளுநரின் பெயரே சூட்டப்பட்டது. கொக்ரேன் கால்வாய் என்றும் கிழக்குக் கரைக் கால்வாய் என்றும் வழங்கியது அன்று முதல் பக்கிங்காம் கால்வாயாயிற்று. அதே கோமகனின் பெயரால் சென்னையில் பக்கிங்காம் ஆலை என்ற நெசவாலையும் எழுந்தது. நம் பெரியவர்கள் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த ‘பின்னி’ துணி அந்த ஆலையைச் சேர்ந்த நிறுவனத்தின் துணிதான். ஆளுநர் பெயர் நீரிலும் துணியிலும் நின்றது. கூடை சுமந்தவர்களின் பெயரால் அக்கால்வாயின் மேல் ஒரு பாலமும் இல்லை.

நம் முன்னோரின் கதை கலந்திருக்கிறது என்று சொன்னோமே, அது இங்கேதான். அந்தப் பஞ்ச ஆண்டுகளில் இலங்கைக்கும் மற்ற நாடுகளுக்கும் கப்பலேறியவர்கள் தொகை பெருகியது. செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்கெனவே ஒப்பந்தக் கூலிகள் வந்துகொண்டிருந்தார்கள். சிலாங்கூர் ரப்பர்த் தோட்டங்களுக்குப் பெருந்தொகையாய் வந்தது அடுத்த தலைமுறை. தாது வருஷத்தில் தப்பிப் பிழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். கோலா சிலாங்கூர்க் கடலோரச் சதுப்பில் வடிகால் வெட்டித் தோட்டம் ஆக்கிய கைகளும், சென்னையில் கால்வாய் வெட்டிய கைகளும் ஒரே மண்ணின் கைகள்தான். ஒரு குடும்பத்தில் மண்வெட்டி ஏந்திய அண்ணன் சென்னையில் நின்றான், தம்பி கப்பலேறினான் என்று சொன்னால் அது கட்டுக்கதை போல் தோன்றினாலும் நடக்கக்கூடாத கதையன்று.

கால்வாய் இணைந்தபின் சென்னையின் அன்றாட வாழ்வில் அது எவ்வளவு தேவைப்பட்டது என்பதைப் பார்ப்போம். நகரம் முழுவதும் விறகடுப்பு. அந்த அடுப்புகளுக்கு வேண்டிய சவுக்குக் கட்டைகள் கடலோரத் தோப்புகளிலிருந்து படகுபடகாய் வந்திறங்கின. உப்பளங்களிலிருந்து உப்பு வந்தது. நெல்லூர்ப் பக்கத்திலிருந்து நெல்லும் அரிசியும். பழவேற்காட்டு ஏரியிலிருந்து கிளிஞ்சல். அதைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு, அந்தச் சுண்ணாம்பில்தான் சென்னையின் பழைய மாடிவீடுகள். சமைத்த உணவிலும் பூசிய சுவரிலும் கால்வாய் இருந்தது எனலாம்.

இன்றைக்கும் சென்னைக்குப் போகிறவர்கள் ஊர்ப்பெயர்களைக் கூர்ந்து கேட்டால் கால்வாய் பேசும். சென்ட்ரல் நிலையத்தைவிட்டு ரயில் கிளம்பியதும் முதலில் வரும் நிலையம் பேசின் பிரிட்ஜ். பேசின் என்பது படகுகள் நின்று சரக்கு இறக்கிய நீர்த்துறை. கொருக்குப்பேட்டைப் பக்கம் கொக்ரேன் பேசின் சாலை என்று ஒரு சாலை உண்டு. சால்ட் கோட்டர்ஸ் என்பது உப்புக் கிடங்குகள் இருந்த இடம். திருவல்லிக்கேணியை அடுத்து லாக் நகர். மயிலாப்பூரில் தண்ணித்துறைச் சந்தை என்று பெயர்பெற்ற காய்கறிச் சந்தை ஒன்றுண்டு. நடுநகரில் தண்ணீர்த்துறை எங்கிருந்து வந்தது என்று புதிதாய் வருகிறவர் திகைப்பார். படகு வந்து காய்கறி இறக்கிய துறை அது.

சரக்கோடு மக்களும் போனார்கள். மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணப் போகிறவர்கள் அக்காலத்தில் கால்வாய்ப் படகிலேயே போவார்கள். பாவேந்தர் பாரதிதாசன் அப்படி ஒரு படகுப் பயணத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதையாகவே பாடியிருக்கிறார். செலவு என்றால் பணச் செலவு என்று நம் மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். செல்லுதல், பயணம் என்பதே இங்குப் பொருள். அந்தக் கவிதையை வகுப்பில் நடத்துகிற ஆசிரியர்கள், சென்னையின் வரைபடத்தையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டால் கவிதையும் விளங்கும், கால்வாயும் விளங்கும்.

சரி, இவ்வளவு பயன்பட்ட கால்வாய் எப்படிக் கெட்டது? ஒரே நாளில் அன்று, ஒரே காரணத்தாலும் அன்று.

முதல் அடி ரயிலிடமிருந்து. சென்னையையும் விஜயவாடாவையும் இணைக்கும் ரயில்பாதை 1899இல் வந்தது. கால்வாய் போகும் திசையிலேயே அதுவும் போயிற்று. தொலைதூரச் சரக்கு ரயிலுக்கு மாறிற்று. இதில் நமக்குப் புதுமை ஒன்றுமில்லை. சிலாங்கூரிலும் ஈயம் ஆற்றுப்படகில்தான் கடலுக்குப் போனது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியதும் ஆற்றுத்துறைகள் ஓய்ந்தன. பிறகு ரயிலுக்கும் அதே கதிதான். நம் பக்கத்து ஊரான பத்து ஆராங்கில் நிலக்கரிச் சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. குவாங்கிலிருந்து அங்கே சென்ற ரயில்பாதையும் இன்று இல்லை. ஒரு வண்டி வந்தால் முந்திய வண்டி போகிறது.

ஆனால் ரயில் வந்தபின்னும் கால்வாய் சாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விறகும் உப்பும் சுண்ணாம்பும் போல விலை குறைந்த, அவசரமில்லாத, பாரமான சரக்குக்குப் படகே மலிவு. ஆகவே இருபதாம் நூற்றாண்டிலும் பல்லாண்டுகள் படகுகள் ஓடின. லாரி வந்தபோதுதான் அந்தச் சரக்கும் கையைவிட்டுப் போனது. தோப்பிலிருந்து நேரே விறகுக்கடை வாசலுக்கு லாரி வந்துவிடுகிறது. படகால் அது முடியுமா? விறகடுப்பும் பின்னர் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் இடம் விட்டது.

சரக்கு குறைந்தால் சுங்கம் குறையும். சுங்கம் குறைந்தால் தூர் எடுக்கப் பணம் ஒதுக்கமாட்டார்கள். தூர் எடுக்காவிட்டால் படகு தரைதட்டும். இருக்கிற சரக்கும் போய்விடும். இந்த வட்டம் ஒருமுறை சுழலத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். 1965, 1966 ஆண்டுகளில் அடித்த புயல்கள் கால்வாயின் கரைகளையும் மதகுகளையும் பெரிதும் சேதப்படுத்தின. முழுமையாகச் செப்பனிட எவரும் முனையவில்லை.

இதற்குள் நகரம் பெருகிவிட்டது. வீட்டுக் கழிவுநீர், ஆலைக் கழிவுநீர் எல்லாம் கால்வாய்க்குத் திருப்பப்பட்டன. எண்ணூர்ப் பக்கம் அனல் மின்நிலையங்களின் சாம்பற் குழம்பு கழியிலும் கால்வாயிலும் படிந்தது. கரையோரத்தில், வேறு போக்கிடம் இல்லாத ஏழைகள் குடிசை போட்டார்கள். கால்வாயைக் கெடுத்தவர்கள் அவர்கள்தாம் என்று சொல்லுவது பலருக்கு எளிதாக இருக்கிறது. குடிசையின் கழிவு எவ்வளவு, மாநகரத்தின் சாக்கடைக் குழாய் கொட்டுவது எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்தால் அப்படிச் சொல்ல நா எழாது.

கடைசி அடி அரசாங்கத்தின் கையாலேயே விழுந்தது. சென்னையில் பறக்கும் ரயில் என்று மக்கள் சொல்லும் உயர்பாதை ரயில் 1995இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997இல் மயிலாப்பூர் வரையும், பிறகு 2004இல் திருவான்மியூர் வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் ஓடத் தொடங்கிற்று. நகருக்குள் நிலம் வாங்கும் செலவை மிச்சப்படுத்த, பல இடங்களில் தூண்களைக் கால்வாய்ப் படுகையிலேயே நிறுத்திவிட்டார்கள். பஞ்சத்தில் கூடை சுமந்து வெட்டிய அதே கூவம்–அடையாறுத் துண்டில்தான் பெரும்பாலான தூண்கள் நிற்கின்றன. ரயில் மக்களுக்குப் பயன்படுகிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கால்வாய் குறுகிப்போனது. படகு வரும் வழி அடைபட்டது. பெருமழை பெய்தால் வெள்ளம் வடியும் வழியும் நெருக்கப்பட்டது. 2015 டிசம்பரில் சென்னை மிதந்தபோது, நகரின் நீர்வழிகளை இப்படி நெருக்கிவிட்டோமே என்ற பேச்சு எங்கும் எழுந்தது.

இனிப் பயனில்லை என்று ஒதுக்கிய கால்வாய் ஒருநாள் எதிர்பாராத ஒரு வேலையைச் செய்தது. 2004 டிசம்பர் 26. அந்த நாளை நாமும் மறக்கமாட்டோம். பினாங்கிலும் கோலா மூடாவிலும் நம் நாட்டிலேயே உயிர்கள் போயின. அதே ஆழிப்பேரலை சோழமண்டலக் கரையிலும் ஏறிற்று. கரையைத் தாண்டி வந்த நீரில் பெரும்பகுதி, கடலுக்கு இணையாக ஓடும் அந்தக் கால்வாய்ப் பள்ளத்தில் விழுந்து நிரம்பி, வேகம் தணிந்து, மீண்டும் கழிமுகங்கள் வழியாகக் கடலுக்கே வடிந்தது. ஆந்திரக் கரையில் கால்வாய்க்கு மேற்கே இருந்த ஊர்கள் பல இதனால் தப்பின என்று 2005இல் இந்திய அறிவியல் இதழ் ஒன்றில் கட்டுரை வெளிவந்தது. படகுக்காக வெட்டிய பள்ளம் அகழியாக நின்று காத்தது.

2008இல் இந்திய அரசாங்கம் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான கால்வாய்களையும் கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் சில பகுதிகளையும் சேர்த்து நான்காவது தேசிய நீர்வழியாக அறிவித்தது. சென்னைக்குள் சரக்குப் படகு திரும்பவில்லை. தூண்களை அகற்றாமல் அது எப்படித் திரும்பும் என்பது நமக்கும் விளங்கவில்லை. கரையில் குடியிருந்த குடும்பங்கள் பல, நகருக்கு வெளியே கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. வேலைக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும், பிள்ளைகளின் பள்ளி தொலைந்தது என்று அவர்கள் சொல்லுவதைப் படிக்கும்போது, தோட்டம் விற்கப்பட்டு லயத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களின் நினைவு வராமல் இல்லை.

நகரத்தைத் தாண்டித் தெற்கே போனால் கால்வாயின் முகம் மாறுகிறது. முட்டுக்காட்டுக் கழியில் நீர் அகன்று கிடக்கிறது. கடல் ஏறும்போது கால்வாயிலும் நீர் ஏறுகிறது. கழிகளில் இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தெற்கு முனையான மரக்காணத்தில் இன்றும் உப்பு விளைகிறது. கோடையில் பாத்திகளிலிருந்து உப்பை வாரி, தலையில் சுமந்து, மேட்டில் குவிக்கிறார்கள் பெண்களும் ஆண்களும். ஒருகாலத்தில் அந்தக் குவியலருகே படகு வந்து நிற்கும். இப்போது லாரி வந்து நிற்கிறது. உப்புக்கூடை மட்டும் அதே தலையில்தான் இருக்கிறது.